பதினொன்றில் மூன்று

நெவாடா,
17 ஆகஸ்ட் 2003

அன்பின் கௌரிக்கு,

நான் சுகம். உனக்கும் அம்மாவுக்கும் மழைக்காலத்துச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதத் தொடங்குகிறேன். போன ஞாயிறு நீ ஹட்டன் கடையிலிருந்து பேசியபோது பாதியில் இணைப்பு அறுந்துவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. ஒரு வகையில் நல்லது. எழுதினால் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவாய்.

எங்கள் கம்பனி போட்டியில் பெயர் கொடுத்துவிட்டது. நீ பத்திரிகையில் வாசித்திருப்பாய். அரசாங்கப் பணம் ஒரு சதமும் இல்லாமல் கட்டிய வாகனம், மூன்று பேரைத் தாங்கி நூறு கிலோமீற்றர் உயரம் போய்த் திரும்ப வேண்டும். அதே வாகனம் இரண்டு கிழமைக்குள், அதாவது பதினாலு நாளுக்குள், இன்னொரு தடவையும் போய்வர வேண்டும். முதலில் செய்கிறவர்களுக்கு ஒரு கோடி டொலர் பரிசு. அடுத்த வருடம் டிசம்பர் முடிவதற்குள் யாரும் செய்யாவிட்டால் பரிசே இல்லை. இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகள் இறங்கியிருக்கின்றன. சிலரிடம் படம் மட்டுந்தான் இருக்கிறது. கலிபோர்னியாக்காரர்களிடம் வாகனமே இருக்கிறது. விமானத்தின் வயிற்றில் கட்டித் தூக்கிப்போய் மேலே வைத்துக் கழற்றி விடுவார்கள். எங்களுடையது நிலத்திலிருந்து நேராக எழும்பும். முதலாளி சூதாட்ட விடுதிகளுக்குக் கணினி விற்றுப் பணம் சேர்த்தவர். 'இனி மேலே போவது அரசாங்கத்தின் வேலையில்லை, நம்முடைய வேலை' என்று கிழமைக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாகனத்தை ஓட்டுகிறவர் றோய். ஐம்பத்தொரு வயது. முன்பு கடற்படையில் விமானி. அரசாங்க விண்வெளித் தேர்வில் இரண்டு தடவை கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பி வந்தவர். அவருக்குப் பக்கத்து இருக்கையில் எஞ்சினைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அது நான்தான் என்று வெள்ளிக்கிழமை சொன்னார்கள்.

கௌரி, எஞ்சினைத் தரையில் கட்டிவைத்துப் பதினொரு தடவை எரித்துப் பார்த்துவிட்டோம். எட்டுத் தடவை சொன்ன நொடியில் அணைந்தது. அணைந்த பிறகு வருகிற அமைதியில் பாலைவனம் முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். நீ ஒரு தடவை நின்று கேட்க வேண்டும்.

ஏறுகிறவரின் மனைவியும் பெற்றோரும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வழக்கறிஞர் எழுதிக்கொண்டிருக்கிறார். வந்ததும் அனுப்புகிறேன். அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

அன்புடன்,
அழகன்


றொசல்ல,
7 செப்டம்பர் 2003

அன்பின் அழகனுக்கு,

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தபால்காரர் தோட்டத்துப் பாதை வழுக்குகிறதென்று ஸ்டேசன் மாஸ்டரிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலை ரயிலுக்கு நின்றபோது வாங்கி, ஹட்டன் போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை வாசித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் பாடத்துக்கு வகுப்பு மாறிப் போனேன்.

இங்கே எல்லோரும் சுகம். மாமிக்கு இடது முழங்கால் வலி இருக்கிறது. ஆனாலும் மலைக்கு ஏறுவதை விடவில்லை. இந்த மாதம் தேயிலைக் கொழுந்து குறைவு, மழை அதிகம். கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தகரம் அடித்தாயிற்று.

உங்கள் செய்தியை மாமியிடம் அன்று பின்னேரமே சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மேல போயி எங்க எறங்குவான்?"

"கிளம்பின இடத்திலையேதான் மாமி."

"கெளம்புன எடத்துலயே எறங்குறதுக்கு எதுக்குப் போகணும்?"

 பெப்ரவரியில் ஏழு பேரோடு அந்த அமெரிக்க விண்ணோடம் வானத்திலேயே உடைந்துபோனபோது பக்கத்து வீட்டு வீரம்மா ரெலிவிஷனில் பார்த்துவிட்டு ஓடிவந்து மாமியிடம் சொன்னாள். மாமி அதை மறக்கவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை.

எனக்குச் சந்தோஷம் என்று எழுத வேண்டும். சந்தோஷந்தான். ஐந்து வருடமாக நீங்கள் எழுதிய கடிதங்களை அடுக்கிப் பார்த்தால், இதுதான் ஆக நீளமானது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பதினொரு தடவை எரித்து எட்டுத் தடவை சொன்ன நொடியில் அணைந்தது என்கிறீர்கள். மற்ற மூன்று தடவையும் என்ன நடந்தது?

உடம்பைக் கவனியுங்கள். அந்த வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம்.

அன்புள்ள,
கௌரி


நெவாடா,
5 ஒக்டோபர் 2003

அன்பின் கௌரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆசிரியைக்குக் கடிதம் எழுதுவதென்றால் இதுதான் வம்பு, விடைத்தாள் மாதிரி திருத்திவிடுகிறாய். அந்த மூன்றும் அளவீட்டுக் கருவியின் பிழை. எஞ்சின் அணைந்துவிட்டது, கருவிதான் பிந்திக் காட்டியது. யோசிக்க ஒன்றுமில்லை.

பத்திரம் இத்துடன் இருக்கிறது. பத்தொன்பது பக்கம். வழக்கறிஞர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். பயப்படாமல் கடைசிப் பக்கத்தில் நீ கையெழுத்து வை. அம்மா கைநாட்டு வைத்தால் போதும். ஒரு சமாதான நீதவானின் முத்திரை வேண்டும். ஹட்டனில் கந்தப்பன் ஐயா இருக்கிறார், கேட்டால் செய்வார். ஜனவரி முடிவதற்குள் இங்கே வந்து சேர வேண்டும். ஏப்ரலில் முதல் பறப்பு. நூறு கிலோமீற்றர் இல்லை, முதல் தடவை பதினெட்டுத்தான்.

றோய் நேற்றுத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்டாராம். சமையலறை மேசையருகே நின்றபடியே வைத்தாராம்.

அவசரமாக முடிக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அழகன்


றொசல்ல,
9 நவம்பர் 2003

அன்பின் அழகனுக்கு,

மருந்து கிடைத்தது. பத்திரமும் கிடைத்தது. மாமி மருந்தைப் பூசிக்கொண்டார். பத்திரத்துக்குக் கைநாட்டு வைக்கவில்லை. கோபப்படாமல் மேலே வாசியுங்கள்.

நான் கடைசிப் பக்கத்தை மட்டும் விரித்து, மைப்பெட்டியையும் பக்கத்தில் வைத்தேன். மாமி பெருவிரலை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார்.

"இந்த மாதிரி எத்தன பேப்பருக்கு வச்சிருக்கேன் தெரியுமா? பிரஜாவுரிமைக்கு வச்சேன். தோட்டத்த கம்பனிக்குக் குடுத்தப்ப வச்சேன். ஒங்க மாமா செத்தப்ப வச்சேன். என்னா எழுதியிருக்குனு ஒருத்தரும் படிச்சுக் காட்டுனதில்ல. நீ டீச்சருதானே. இதையாச்சும் படி. ஒரு வரி விடாம படி."

அதனால் படித்தேன். வேலை விட்டு வந்து, கைக்கறை போகக் கழுவிவிட்டு, அடுப்படியில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். நான் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து அதைத் தமிழில் சொல்வேன். எனக்குத் தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்தேன். பத்தொன்பது பக்கத்துக்கும் நாலு பின்னேரம் போயிற்று.

ஆறாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அப்ப, ஒன்னு ஆயிருச்சுன்னா நம்ம யாரையும் ஒன்னும் கேக்கக்கூடாது. அதானே?"

"ஓம் மாமி. வழக்குப் போடமாட்டம் எண்டு சொல்லித்தான் கையெழுத்து."

"யாரு பொறுப்புனு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்லை மாமி. ஒருதரும் பொறுப்பில்லை எண்டுதான் போட்டிருக்கு."

பதினோராம் பக்கத்தில், உடல் கிடைத்தால் அதை ஊருக்கு அனுப்புவது கம்பனியின் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறது. மாமி "கெடைச்சா" என்ற சொல்லை மட்டும் ஒரு தரம் திருப்பிச் சொன்னார். பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணீர் வைத்தார். அன்று அதோடு நிறுத்தினோம்.

எனக்குத் தடங்கல் வந்தது அங்கே இல்லை. பதினாலாவது பிரிவில். தெரிந்த ஆபத்துகளின் பட்டியல். 'எஞ்சினை அணைக்கும் பிரதான வால்வு எல்லாப் பரிசோதனைகளிலும் திருப்திகரமாக இயங்கியது' என்று எழுதியிருக்கிறது.

நீங்கள் கருவியின் பிழை என்றீர்கள். எந்தக் கருவி? மூன்று தடவையும் ஒரே கருவியா? அதை மாற்றினீர்களா? மாற்றிய பிறகு மறுபடி எரித்துப் பார்த்தீர்களா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வாசிப்புப் பிசகினால் ஆய்வுகூடம் பூட்டும் வரை நின்று திருப்பிச் செய்கிறவர் நீங்கள். உங்களுக்காகக் காத்திருந்து எத்தனை பஸ்ஸை விட்டிருப்பேன்.

இதைத் தொலைபேசியில் கேட்டேன். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றீர்கள். சரி. கடிதத்துக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அன்புள்ள,
கௌரி


நெவாடா,
21 டிசம்பர் 2003

கௌரி,

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

புதன்கிழமை கலிபோர்னியாக்காரர்களின் வாகனம் எஞ்சினைக் கொளுத்தி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது. ஆள் உள்ளே இருந்து ஓட்டினார். இங்கே அன்று ஒருவரும் மதியம் சாப்பிடப் போகவில்லை. முதலாளி வந்து எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, 'ஏப்ரல் என்றால் ஏப்ரல்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். கருவியை மாற்றவில்லை. கருவியில் பிழை இல்லை.

மூடவேண்டிய நேரத்தில் வால்வு மூடவில்லை. இரண்டு தடவை நாலு நொடி பிந்தியது. ஒரு தடவை ஒன்பது நொடி. உள்ளே போகிற திரவத்தின் குளிரில் வால்வின் வளையம் இறுகிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். எப்போது இறுகும், எப்போது இறுகாது என்று சொல்ல முடியவில்லை. தரையில் என்றால் ஒன்பது நொடி ஒன்றுமில்லை. மேலே என்றால், வாகனம் பாராசூட் தாங்கும் வேகத்தைத் தாண்டிவிடும். புது வகை வால்வு செய்து எடுக்க ஐந்து மாதமாவது வேண்டும். ஐந்து மாதம் எங்களிடம் இல்லை.

தலைமைப் பொறியியலாளருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். 'கருவிப் பிழை என்று போடு' என்று அவர் சொன்னார். பதிவேட்டில் எழுதியது என் கை. றோய்க்குத் தெரியாது. வெளியே பேசமாட்டேன் என்று கம்பனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமே அதை மீறியதுதான்.

பதினொன்றில் எட்டுத் தடவை மூடியிருக்கிறது. அதையும் பார். தோட்டத்தில் பிறந்தவன் எவன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்? இன்னும் நாலு மாதத்தில் அந்த இருக்கையில் உட்காரப் போகிறேன். எனக்கு முப்பத்தைந்து வயது. இன்னொரு தடவை கிடைக்காது.

கையெழுத்து வைத்து அனுப்பு. உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

அழகன்


றொசல்ல,
18 ஜனவரி 2004

அன்பின் அழகனுக்கு,

பொங்கல் நன்றாக நடந்தது. உங்கள் பங்கை வீரம்மாவின் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

நீங்கள் எழுதியதை மாமியிடம் மறைக்கவில்லை. ஒரு வரி விடாமல் படி என்று சொன்னவரிடம் இதை மட்டும் எப்படி விடுவது? பதினொன்றில் மூன்று தடவை மூடவில்லை என்றேன். 

"பதினொன்னுல மூணா? கொழுந்து நிறுக்கிறப்ப பதினோரு கிலோவுல மூணு கிலோவத் தண்ணினு கழிச்சா நாங்க பேசாம இருப்போமா?"

"மாமி, கையெழுத்து வைக்கிறதோ, விடுறதோ?"

"அவன் போகணும்னு நிக்கிறான். போக வேணாம்னு நான் சொல்லல. ஆனா எல்லாம் நல்லாருக்குனு போட்ட பேப்பருக்கு நான் வைக்கமாட்டேன். மூணு தடவ மூடலன்னு அதுலயே எழுது. எழுதிட்டுக் கொண்டா, வைக்கிறேன்."

எழுதினேன். பதினாலாவது பிரிவின் ஓரத்தில், ஆங்கிலத்தில், கறுப்பு மையில்: 'பதினொரு பரிசோதனைகளில் மூன்றில் இந்த வால்வு உரிய நேரத்தில் மூடவில்லை. அதை அறிந்தே சம்மதிக்கிறோம்.' கீழே மாமியின் கைநாட்டு. அதன் பக்கத்தில் என் கையெழுத்து. கடைசிப் பக்கத்திலும் இரண்டும் இருக்கின்றன. கந்தப்பன் ஐயா வாசித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு முத்திரை வைத்தார்.

நான் உங்களைத் தடுக்கவில்லை. நீங்கள் கேட்டது இதோடு இருக்கிறது. கம்பனிக்கு நேரே அனுப்பாமல் உங்கள் பெயருக்குத்தான் அனுப்புகிறேன். கொடுப்பது உங்கள் விருப்பம்.

அன்புள்ள,
கௌரி


நெவாடா,
28 மார்ச் 2004

கௌரிக்கு,

பத்திரம் பெப்ரவரி இரண்டாந் திகதி வந்தது. ஆறு நாள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன்.

உனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் புதுப் படிவம் ஒன்றை எடுத்து உன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அம்மாவின் பெருவிரலுக்கு எங்கே போவது? அந்த இடத்தை வெறுமனே பார்த்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டேன்.

ஏழாம் நாள் நீ அனுப்பியதைக் கொண்டுபோய் வழக்கறிஞரின் மேசையில் வைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே என்னோடு காலநிலை பேசினார். பதினாலாவது பிரிவில் பேச்சு நின்றது. 'இது யார் எழுதியது?' என்று கேட்டார். என் மனைவி என்றேன். 'இந்த விரல் யாருடையது?' என் தாய் என்றேன். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்றைக்கே பறப்பை நிறுத்தினார்கள். எழுத்தில் வந்த பிறகு தெரியாது என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. புது வால்வுக்கு ஓடர் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் வரும். என்னை ஏறுகிறவர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் வெளியே பேசுவேன் என்ற பயமாக இருக்கலாம். தலைமைப் பொறியியலாளர் என்னைக் கண்டால் வேறு பாதையால் போகிறார்.

றோய் மறுநாள் கொட்டகைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

'மூன்று என்று உனக்கு எப்போதிருந்து தெரியும்?'

'ஜூலையிலிருந்து.'

'உலகத்துக்கு மறுபக்கத்தில் இருக்கிற உன் மனைவிக்குச் சொன்னாய். பக்கத்து இருக்கையில் இருக்கப்போகிற எனக்குச் சொல்லவில்லை.'

நான் மன்னிப்புக் கேட்டேன்.

'எனக்குச் சொல்லியிருந்தால் நான் அப்படியே ஏறியிருப்பேன். எட்டு எனக்குப் போதும். ஆனால் அதை நான்தான் தீர்மானித்திருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

நீ ஒரு பிழையும் செய்யவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் இப்போது கொஞ்ச நாளைக்கு எழுதமாட்டேன்.

அழகன்


நெவாடா,
10 ஒக்டோபர் 2004

அன்பின் கௌரிக்கு,

உன் நாலு கடிதங்களும் கிடைத்தன. எல்லாவற்றையும் வாசித்தேன். எழுதத்தான் கை வரவில்லை.

பரிசு போய்விட்டது. உனக்குத் தெரிந்திருக்கும். கலிபோர்னியாக்காரர்கள் ஜூனில் ஒரு தடவை நூறு கிலோமீற்றரைத் தொட்டுக் காட்டினார்கள். பரிசுக்கான இரண்டு பறப்பில் போன மாதக் கடைசியில் ஒன்று, இந்த மாதம் நாலாந் திகதி மற்றது. இரண்டும் சரியாக முடிந்தன. ஊர்ச் சிற்றுண்டிச்சாலையில் ரெலிவிஷனில் பார்த்தோம். எங்கள் ஆட்களில் ஊரில் மிச்சமிருந்தவர்கள் ஒன்பது பேர். றோயும் கேள்விப்பட்டு வந்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் சுவரோடு நின்றார். வாகனம் தரையில் இறங்கி நின்றதும் முதலில் கைதட்டியது அவர்தான்.

எங்கள் புது வால்வு ஆகஸ்ட் இரண்டாந் திகதி வந்தது. பொருத்தி ஒன்பது தடவை எரித்தோம். ஒன்பது தடவையும் மூடியது. அதற்குள் பணம் போட்டவர்கள் விலகிவிட்டார்கள். செப்டம்பரில் முதலாளி கொட்டகையைப் பூட்டினார். வாகனம் உள்ளே நிற்கிறது, விற்கப் போகிறார்களாம். ஒரு தடவையும் பறக்கவில்லை. அதைக் காவல் பார்க்கிற வேலையை றோய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். சாவி அவரிடம் இருக்கிறது. மற்ற நாட்களில் பக்கத்துப் பண்ணைகளுக்கு மருந்து தெளிக்கிற சின்ன விமானம் ஓட்டுகிறார்.

பழைய வால்வு ஏப்ரலில் மூடியிருக்குமா, இருக்காதா? ஒருவருக்கும் தெரியாது. மூடியிருந்தால் நாங்கள் அவர்களுக்கு முன்னால் போயிருப்போமா? அதுவும் தெரியாது. இரண்டையும் மாறிமாறி நினைத்துக்கொண்டு மருந்துக் கடைக்கும் தபால் கந்தோருக்கும் நடந்து திரிகிறேன்.

இப்போது எல்லோருக்கும் துணிவு வந்துவிட்டது. ஒரு பெரும் பணக்காரர், காசு கொடுத்தால் யாரையும் மேலே கொண்டுபோவேன் என்று அறிவித்திருக்கிறார். மாதம் ஒரு புதுக் கம்பனி தொடங்குகிறது. ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பாகங்களைப் பரிசோதித்துச் சரி, பிழை எழுதும் வேலை. நேர்முகத்தில், கதை கேள்விப்பட்டிருந்த ஒருவர், 'ஓரத்தில் எழுதியது உங்கள் மனைவிதானே?' என்று கேட்டார். ஓம் என்றேன். சிரித்தார்கள். அடுத்த நாள் வேலைக் கடிதம் வந்தது. மேலே ஏறுகிற இருக்கை இனி எனக்கு இல்லை. அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசை. இன்னும் முழுதாக எழுத முடியவில்லை. நீ என் உயிரைக் காப்பாற்றத்தான் செய்தாய். அது விளங்குகிறது.

விசாப் படிவங்கள் இதற்குள் இருக்கின்றன. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. இங்கேயே இருந்துவிடலாம். வரமாட்டாய் என்றால் அதையும் எழுது.

அன்புடன்,
அழகன்


றொசல்ல,
28 நவம்பர் 2004

அன்பின் அழகனுக்கு,

தீபாவளிக்கு முதல் நாள் கடிதம் வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மாமி உறையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். பலகாரம் சுட்டு முடித்த பிறகுதான் திறக்க விட்டார். முழுதையும் படித்துக் காட்டினேன். "எளைச்சுருப்பான்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றைத் திருத்த வேண்டும். உங்கள் உயிரைக் காப்பாற்ற அதை எழுதினேன் என்கிறீர்கள். அப்படி நினைத்துக்கொண்டு நீங்கள் என்னோடு சமாதானமாக வேண்டாம்.

தொண்ணூற்றெட்டில் பேராதனையிலிருந்து அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இரண்டு விண்ணப்பப் படிவங்கள் கொண்டுவந்தோம். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்த மாதந்தான் மாமா போனார். மாமியைத் தனியே விட முடியாது, ஒருவர் நிற்க வேண்டும் என்று ஆயிற்று. அந்த ஒருவர் யார் என்று நாங்கள் பேசவே இல்லை. நீங்கள் உங்களுடையதை நிரப்பினீர்கள். நான் முத்திரை வாங்கிவந்து ஒட்டினேன். எனக்கு உங்களைவிடப் பௌதிகத்தில் பதினேழு புள்ளி கூட. இதை ஆறு வருடத்தில் இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

பத்தொன்பது பக்கத்தையும் நான் மாமிக்காக மட்டும் வாசிக்கவில்லை. ஒவ்வொரு பிரிவையும் அந்த இருக்கையில் நானே இருப்பதாக நினைத்துத்தான் வாசித்தேன். எஞ்சின் கொளுத்தி எத்தனையாவது நொடியில் என்ன நடக்கும் என்று பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிள்ளைகள் போன பிறகு. பதினெட்டாவது கிலோமீற்றரில் வானம் என்ன நிறமாக இருக்கும் என்று தேடி வாசித்தேன். என்னைக் கேட்டிருந்தால், பதினொன்றில் மூன்று என்று தெரிந்துகொண்டே நான் ஏறியிருப்பேன், அழகன். றோய் சொன்னதை வாசித்தபோது, அவரை முன்னமே தெரிந்தது போல இருந்தது.

எனக்குப் பொறுக்காமல் போனது ஆபத்து இல்லை. எல்லாப் பரிசோதனையிலும் நன்றாக இயங்கியது என்று எழுதி, அதில் என் பெயரையும் போடச் சொன்னதுதான்.

ஆனால் அந்த இரண்டு வரியால் ஒரு மனிதனுடைய இருக்கை போய்விட்டது. உங்களுடையதைச் சொல்லவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டே மறைத்தீர்கள், தெரிந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் சுவரோடு நின்று கைதட்டியிருக்கிறார்.

மாமி இந்த மலையை விட்டு வரமாட்டார். கேட்டேன். "நான் வந்து அங்க என்னா செய்யறது? நீ போய்ட்டு வா. வீரம்மா இருக்கா" என்றார். அங்கேயே தங்கிவிட நானும் வரவில்லை. உங்களைக் கூட்டிவரவும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இனி எப்படி என்பதை, முகம் பார்த்துப் பேசாமல் என்னால் சொல்ல முடியாது. நீங்கள் முழுதாக எழுத முடியாததை நேரே சொல்லுங்கள். எனக்கும் சொல்ல இருக்கிறது.

கொழும்புக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுத்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய படிவங்களை ஒருபக்கம் வைத்துவிட்டு, சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் சித்திரை விடுமுறையில் வந்து மூன்று கிழமை நிற்பேன். விற்கிறதற்கு முன்னால் அந்த வாகனத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே ஏறி அந்த இரண்டாவது இருக்கையில் ஒரு தரம் உட்கார வேண்டும். சாவி றோயிடம் என்றால் நல்லது, கேட்க வேண்டியதை அவரிடமே கேட்கலாம்.

அவர் உங்களோடு பேசாவிட்டாலும் நீங்கள் போய்ச் சொல்லுங்கள், எழுதினவள் வருகிறாள் என்று.

அன்புள்ள,
சிவகௌரி